உதட்டில் கேட்ட கதை

மில்லில் பேசுவது என்றால் உதட்டால் பேசுவதுதான். ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்குப் போன புதிதில் நான் முதலில் பழகியது அது. நூல் நூற்கிற பிரேம்கள் ஓடுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் சத்தமே இல்லாமல் வாயை அசைப்போம், எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னால் திட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது.

எனக்கு எதிர் பிரேமில் நின்றவள்தான் என் சிநேகிதி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஆனால் கதை என்றால் உயிரை விடுவாள். நான் நூலகத்திலிருந்து பழைய நாவல்களை எடுத்துவந்து வீட்டில் படிப்பேன். மறுநாள் ஷிப்டில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே அவளுக்கு உதட்டால் சொல்வேன். கடைசியாகச் சொன்ன கதையில் ஒருத்தி, புருஷன் அடி தாங்காமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். அதோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாண அவசரத்தில் என்னைப் பெற்ற அய்யா அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். முடிவை நானே படிக்கவில்லை. நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கும் அவள் பிரேமுக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணன்காரன் கதவைத் திறந்தானா என்றுதான் கேட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாழ்க்கைப்பட்டது பால்கோவா கிண்டுகிற வீடு. கரண்டி நின்றால் பால் அடிபிடித்துவிடும். அதில் புத்தகம் பிடிக்கக் கை எங்கே இருக்கிறது? படித்து என்ன கலெக்டராகவா ஆகப் போகிறாய் என்று மாமியாரும் ஆசி கூறினார். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. அவளுக்குக் கதையை முடித்துக் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

போன வருஷம் ஒருநாள் அடுப்படியில் பக்திப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் போன் தானாகவே ஒரு கதையை எடுத்துவிட்டது. நாட்டுடைமையான பழைய நாவல்களையெல்லாம் யார் யாரோ வாசித்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் செய்தி வாசிப்பதுபோல வாசிக்கிறார். ஒரு அம்மா வாசிக்கும்போது நடுவில் குக்கர் விசிலடிக்கிறது. இருந்தாலும் அவர்கள் வாயில் சர்க்கரை என்ன, பால்கோவாவையே போடலாம். கை கிண்டக் கிண்டக் காது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். இது அப்போதே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று தினமும் புலம்பினேன்.

அப்படித் தேடும்போதுதான் அந்த நாவல் அகப்பட்டது. இரண்டு வரியில் கண்டுபிடித்துவிட்டேன். முடிவுக்கு ஓட்டிக் கேட்டிருக்கலாம். அவளை விட்டுவிட்டுக் கேட்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.

அவள் மில்லிலேயே இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகளோடு இருக்கிறாள். குடிகாரப் புருஷன் செத்து வெகுநாளாகிறது. கல்யாணம் காட்சியில் நாங்கள் பார்த்துக்கொள்வதுதான். பார்த்தால் மணிக்கணக்காகப் பேசுவோம். அன்று அவள் காதில் இயர்போனை மாட்டிவிட்டு, கேட்கிறதா என்றேன். சிரித்துத் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். போனைப் பார்த்தால் நான் கதையை இன்னும் ஓடவிடவே இல்லை.

இத்தனை காலமும் அவள் என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் காது போனது எனக்குத் தெரியவே இல்லை. காது மெஷின் வாங்கிப் பார்த்தார்களாம். அதில் பேச்சு விளங்கவில்லை, மில் இரைச்சல் மாதிரி ஒன்றுதான் கேட்டதாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, எங்களுக்குக் காது கெட்ட பிறகு கதை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

அவள் என் கன்னத்தைத் தட்டி, "நீ கேட்டுச் சொல்லேண்டி, முன்ன மாதிரி" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனேன். இயர்போன் என் காதில், கண் அவள்மேல். காதில் விழ விழ உதடு அசையும். யோசிக்க வேண்டியதில்லை, மில்லில் பழகிய உதடு அது. அவள் மகள், ரெண்டு ஊமைகள் மாநாடு நடத்துகின்றன என்று கேலி பண்ணிவிட்டு டீ வைத்துவிட்டுப் போவாள். அம்புட்டு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது. அந்தப் பெண் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, பேச்சுக் குரல் கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. விடிந்தபோது அவளும் குழந்தையும் கிணற்றில் கிடந்தார்கள். கொஞ்ச நேரம் நிறுத்தி யோசித்திருந்தால் மாற்றியாவது சொல்லியிருப்பேன். பாழாய்ப்போன உதடு, கேட்டதை அப்படியே சொல்லிவிட்டது.

அவள் முகம் செத்துப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். பேசியது மெதுவாக இருந்தாலும் எனக்கு நன்றாகவே கேட்டது.

"நீ போன பொறவு மில்லுப் பிள்ளைக எல்லாம் மிச்சக் கதையக் கேட்டாளுக. அண்ணன் கதவைத் தெறந்தான், சோறு போட்டான்னு நானே முடிச்சுச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் போச்சு. எம் புருசன் என் மண்டைய ஒடச்ச அன்னைக்கு, அதை நம்பித்தான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு புதுப்பட்டியில எங்கண்ணன் வீட்டுக்குக் கெளம்புனேன். எங்கண்ணன் கதவைத் தெறந்தாக."

நான் இயர்போனைக் கழற்றினேன். முடிவைச் சொல்லாமல் போய்விட்டோமே என்று அத்தனை வருஷம் வருந்திய நான், இப்போது சொல்லிவிட்டோமே என்று அவள் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க அவள் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நீ அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றாள். "இதைப் படிச்சிட்டு எத்தனை பேரு போகாமயே இருந்தாளுகளோ."