புரட்டாசிச் சனிக்கிழமையன்று லே நகரில் இறங்காதீர்கள்

லடாக் செல்ல உகந்த காலம் எது என்று என்னை வினவுவோர் பலர். அரியலூர்ப் பேருந்து நிலையத்தருகே நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருவோரும் வினவுகிறார்கள். இவ்வலைப்பூவை வாசிப்போரும் வினவுகிறார்கள். சென்ற ஆண்டு இதே கேள்விக்குத் தயக்கமின்றிப் புரட்டாசி என்று விடை எழுதினேன். அதற்கு அன்று நான் கூறிய காரணங்களுள் ஒன்றும் இன்றளவும் பொய்யாகவில்லை. எனினும் விடையை மாற்ற வேண்டியவளாய் இருக்கிறேன். அதன் பொருட்டே இக்கட்டுரை.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கல்வி முடிந்தது. வரைபடம் வாசிக்கவும், வானிலைக் குறிப்புகளை ஒப்புநோக்கவும், இந்தி பேசவும் நானே முயன்று கற்றேன். இதைக் கூறிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஏதுமில்லை. லடாக் பயணத்திற்கு முன் ஓராண்டு படித்தேன். நம் பகுதியினர் பெரும்பாலும் அக்கினி நட்சத்திரத்தின்போது மலையேறப் புறப்படுகிறார்கள். நம்மூர் வெயிலைக் கொண்டு அவ்வூர்ப் பனியை அளக்கும் பிழை அது. அப்போது கணவாய்கள் அரைகுறையாகவே திறந்திருக்கும். ஆனியில் சாலைகள் திறந்துவிடும். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்திற்கு ஏறும். ஆடி, ஆவணியில் என்றேனும் ஒருநாள் மேகம் உடைந்து பாதை சரியும். ஐப்பசி பிறந்தபின் குழாயில் நீர் உறையத் தொடங்கும். புரட்டாசியிலோ வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும், நெட்டிலிங்கம் போல் உயர்ந்த மரங்கள் மஞ்சளாகும், வாடகை பாதியாகும். என் ஆய்வு இவ்வளவில் சரியானதே.

சென்ற புரட்டாசியில் அப்பயணத்தில் உடன் வந்தவள் என் கணவரின் தங்கை வசந்தா. பெரம்பலூரை அடுத்த சிற்றூரில் சின்ன வெங்காயம் பயிரிடுபவள், கணவனை இழந்தவள். அதற்கு முந்தைய ஆண்டு அவளுடைய ஒரே மகன் கார்த்தி, லாரியில் மோதிப் பல நாள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தான். அவன் எழுந்து நடந்த பின்னும் அவள் வீட்டைவிட்டு அகலவில்லை. என் கைப்பேசியில் பாங்காங் ஏரியின் படத்தைக் கண்டபோதுதான் நெடுநாளைக்குப் பின் அவள் முகம் மலர்ந்தது.

“இது நெசமாவே இந்தக் கலர்ல இருக்குமா அண்ணி? இல்ல உங்க கடையில கலர் ஜெராக்ஸ் எடுத்தீங்களா?”

அவளை அழைத்துச் செல்வதென்று அன்றே முடிவு செய்தேன். புரட்டாசி அவளுக்கும் தோதாக அமைந்தது. ஒரு வெங்காயப் போகம் எடுத்து, மறு போகம் ஊன்றும் முன்னுள்ள இடைவெளி அது. அவள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: செவ்வாயும் வெள்ளியும் வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடாது. ஆகவே வியாழன் காலை கிளம்பினோம். பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லையாதலால் முதல் பேருந்தில் அரியலூர் வந்து சேர்ந்தாள். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல், ஒரு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு ரயில். வெள்ளியன்று டெல்லிக்கு விமானம், இரவு அங்கே தங்கல், சனி விடியலில் லே விமானம். விமானக் கட்டணம் போகவர ஒருவருக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஆயிற்று. இரு மாதம் முன்பே பதிந்ததால் இவ்வளவு.

வியாழனில் கிளம்பினால் சனியில் இறங்குவோம் என்பதை இருவரும் அறிந்திருந்தோம். அவள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருப்பவள் என்பதையும் நான் அறிவேன். கல்லங்குறிச்சிப் பெருமாளை வணங்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் அவ்விரதம் இல்லாத வீடு அரிது. காப்பி குடிப்பார்கள், பழம் உண்பார்கள், பெருமாளுக்குப் படைத்து மாவிளக்கு ஏற்றியபின் சோறு உண்பார்கள். அப்படித்தான் இருக்கும் என்று கொண்டேன். மகன் பிழைத்தபின் அவள் விரதத்தைக் கடுமையாக்கியதும், விளக்கேற்றும் வரை எச்சிலைத் தவிர எதையும் விழுங்குவதில்லை என்று நேர்ந்துகொண்டதும் அவள் யாரிடமும் சொல்லாதவை. சொன்னால் நேர்த்தியின் பலன் குறையும் என்பது அவள் எண்ணம்.

டெல்லி விடுதியில் அடுக்களையிலிருந்து கறி வாடை வந்தது. புரட்டாசி மாதமாதலால் அவள் அங்கு சோறு தொடவில்லை. தயிரும் இரு வாழைப்பழமும் போதும் என்றாள். விமானத்தில் நீர் கொடுத்தபோது மறுத்துவிட்டாள்.

“வேணாம் அண்ணி. இத்தன பேரத் தாண்டி பாத்ரூம் போவ ஒரு மாதிரியா இருக்கு.”

பயணத்தில் பெண்கள் நீர் குடியாதிருப்பது நம்மிடையே அவ்வளவு இயல்பு! பேருந்தில் நானும் அப்படித்தான் இருக்கிறேன். எனக்கு ஐயம் எழவில்லை.

லே நகரம் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானத்தின் படிகளில் இறங்கும்போதே காற்று மெலிந்திருப்பதை மார்பு உணர்ந்துகொள்ளும். வாடகைக்காரின் ஓட்டுநர் என் இந்தியைக் கேட்டுச் சிரித்தார். வானொலிச் செய்தி வாசிப்பவர் வண்டியில் ஏறிவிட்டாரோ என்று நினைத்ததாகச் சொன்னார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். விடுதிக்கு ஐந்து கிலோமீட்டர், ஐந்நூறு ரூபாய். விடுதியை நடத்திய அம்மையார் அறையைத் திறந்துவிட்டு மூன்றே கட்டளைகள் இட்டார்: படுங்கள், பேசாதீர்கள், நீர் அருந்திக்கொண்டே இருங்கள். வெந்நீர்க் குடுவை ஒன்றை இருவர் நடுவே வைத்துச் சென்றார்.

“குடி வசந்தா.”

“நீங்க மொதல்ல படுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, அப்பறம் குடிக்கிறேன்.”

எனக்குத் தலை கனத்தது. மூன்று குவளை அருந்திவிட்டு உறங்கிப்போனேன்.

பிற்பகல் விழித்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். மூச்சோடு ஒரு களகள ஒலியும் வந்தது. உதடு நாவற்பழம் தின்றாற்போல் இருந்தது.

“அண்ணி, மோட்டார நிறுத்துனமா? தண்ணி வாய்க்கா ஒடச்சுக்கிட்டுப் போவுது பாருங்க.”

பெரம்பலூர் வயல் கிணற்றைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரிந்தது. குவளையை அவள் வாயருகே கொண்டுபோனேன். அதுவரை தடுமாறிக்கொண்டிருந்தவள் அப்போது மட்டும் தெளிவாகக் கையைத் தட்டிவிட்டாள்.

“வெளக்கேத்தாம தண்ணி தொடமாட்டேன்.”

“நேற்றிலிருந்தா?”

“நேத்து ராத்திரி படுத்ததுலேருந்து. கார்த்திக்காவ நேந்துக்கிட்டது.”

“பைத்தியக்காரி! உயிர் போகிறதடி!”

“எம்புள்ளைய எடுத்துக்கிட்டா நீங்க பெத்துத் தருவீங்களா?”

அரியலூர் மருத்துவர் உயரத்திற்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரையையும் அன்று அவள் விழுங்கவில்லை. அம்மையார் ஓடிவந்து அவள் விரலில் பிராணவாயு அளக்கும் கருவியை மாட்டினார். தொண்ணூறை ஒட்டி இருக்கவேண்டிய எண், ஐம்பத்தெட்டு என்று காட்டியது. அவர் காலையில் எங்களை இறக்கிய அதே ஓட்டுநரை அழைத்தார்.

மருத்துவமனையில் நுரையீரலில் நீர் கோத்திருப்பதாக மருத்துவர் கூறினார். முகமூடி வழியே பிராணவாயு செலுத்தி, கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் முகமூடியை விலக்கி என்னிடம் கேட்டாள்: “அது வாய் வழியா போவலைல்ல அண்ணி?” இல்லை என்றேன். “அப்பன்னா செரி.” சற்று நேரத்தில் மீண்டும் விலக்கினாள்: “பொழுது சாஞ்சிருச்சா? வெளக்கு?” மீண்டும் மீண்டும் விலக்கினாள். ஒவ்வொரு முறையும் கருவியின் எண் இறங்கியது. முகமூடி கழன்றால் இவரைக் காப்பது கடினம் என்று மருத்துவர் என்னிடம் கடுமையாகவே சொன்னார். கைகளைக் கட்டலாமா என்றும் கேட்டார்.

கார்த்தியை அழைத்து அவள் காதில் வைத்தேன்.

“யம்மோவ், தண்ணியக் குடி. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“அப்புடிச் சொல்லாத சாமி. வாயக் கழுவு.”

அவ்வளவுதான். அழைப்பைத் துண்டிக்குமாறு எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

பிராணவாயு உருளை இருக்கும் அறையில் நெருப்புக் கூடாது. ஆகவே விளக்கை வெளியே ஏற்றுவதென்று தீர்மானித்தேன். அவள் பையில் பச்சரிசி மாவும், பொடித்த வெல்லமும், சிறு புட்டியில் நெய்யும், திரியும் இருந்தன. எதையும் மறந்து வந்திருக்கவில்லை. மருத்துவமனை முற்றத்தில், அவள் கட்டிலுக்கு நேரான சன்னலுக்கு வெளியே, சில அடி தள்ளி நின்று மாவைப் பிசைந்தேன். குளிரில் விரல்கள் மடங்கவில்லை. நெய் சுண்ணாம்புக் கட்டிபோல் உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டிக் குழியில் இட்டேன். விமானத்தில் தீப்பெட்டி கொணர இயலாதல்லவா? ஓட்டுநர் தம் லைட்டரைத் தந்தார். காற்று மும்முறை அணைத்தது. அவர் தம் மேற்சட்டையைக் கழற்றித் திரைபோல் பிடித்துக்கொண்டு, இது என்ன இனிப்பா என்று கேட்டார். என் பாட இந்தியில் அதற்கு விடை இல்லை. நான்காம் முறை சுடர் நின்றது. தாதி சன்னல் திரையை விலக்கினார்.

கண்ணாடிக்கு அப்பால் வசந்தா இரு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டாள். பின்பு அவளாகவே முகமூடியை இழுத்துப் பொருத்திக்கொண்டாள். உள்ளே சென்று கரண்டியால் நீர் புகட்டினேன். பதினான்கு கரண்டி அருந்தினாள்.

அதன்பின் நாங்கள் எதையும் காணவில்லை. மலைகள் சன்னலுக்கு வெளியே மஞ்சளும் நீலமுமாக நின்றன. என் ஆய்வுப்படியே மேகமற்ற வானம். மூன்றாம் நாள் பிராணவாயுத் துணையுடன் டெல்லிக்கு இறக்கினோம். நுரையீரல் தேறியது. சிறுநீரகம் தேறவில்லை. கழிப்பறை இல்லாத வயலில் ஆண்டுக்கணக்காகச் சிறுநீரை அடக்கியதில் முன்பே நலிந்திருந்த ஒன்று, அந்த ஒரு நாளில் மேலும் பழுதடைந்தது. இனி ஒரு பகல் முழுவதும் நீரின்றி இருப்பது கூடாது என்று டெல்லியிலும் திருச்சியிலும் மருத்துவர்கள் ஒருமித்துக் கூறினர்.

இனி, செல்ல விரும்புவோர்க்கு. ஆனி மாதம் செல்லுங்கள். கூட்டம் மிகுதி, வாடகை இருமடங்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் இறங்குவோர் முதல் இரு நாள்களில் அறையைவிட்டு நகரவேண்டா. தரைவழி ஏறுவது உடலுக்கு இன்னும் நல்லது. மருத்துவரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள், மாத்திரையை விடாதீர்கள். நோன்பு, நேர்த்தி, விரதம் எதுவாயினும் உடன் வருவோரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: என்ன உண்பீர்கள் என்றல்ல, எப்போது முதல் எப்போது வரை நீர் அருந்தமாட்டீர்கள் என்று. வெட்கப்பட்டு மறைப்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். அவர்கள் முதல் குவளையை அருந்துவதைக் கண்ணால் காணும்வரை நீங்கள் உறங்கச் செல்லாதீர்கள்.

இவ்வாண்டுப் புரட்டாசி பிறந்துவிட்டது. முதல் சனியன்று காலை எட்டு மணிக்கே பெரம்பலூர் சென்று அவள் வீட்டில் அமர்ந்தேன். கார்த்தியும் வேலைக்குச் செல்லவில்லை. மருத்துவர் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் அரிசி ஊறவைத்துக்கொண்டே கேட்டாள், கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

“டாக்டருங்களுக்கு என்ன தெரியும் அண்ணி? அம்மாம் ஒசரத்துல, மூச்சே இல்லாத எடத்துல, எது என்னைய இழுத்துப் புடிச்சுது? அந்த வெளக்குதான? நீங்கதான ஏத்துனீங்க?”

கார்த்தி என்னைப் பார்த்தான். மாலையில் அவள் விளக்கேற்றும் வரை மூவரும் நீர் அருந்தவில்லை.

நாளை இரண்டாம் சனிக்கிழமை.