சமையல் ஆள் உடன் வருவார்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள். என் வீட்டுக்காரர். மகன். மருமகள். அவள் மடியில் பேத்தி. சின்னாளப்பட்டியில் இருந்து வந்திருந்த மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. திண்டுக்கல்லில் இருந்து வந்த டூர் ஏஜெண்ட். பிறகு நான். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பேசுவதெல்லாம் அங்கிருந்தே கேட்கும்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அகரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு சமைக்கிறேன். பத்தொன்பது வருசம். காலையில் வீட்டுக்கு, மத்தியானம் நூத்தி நாற்பது பிள்ளைகளுக்கு, ராத்திரி திரும்பவும் வீட்டுக்கு. பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அண்டாவில் இருப்பதைப் போட்டு நின்றவாக்கில் சாப்பிடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

மூணாறு போவது என்று மகன் சொன்னான். அதில் யாருக்கும் மாற்றுப் பேச்சு இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் தகராறு.

ஏஜெண்ட் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். அவருடைய பாத்திரம் பண்டங்களை இவர் லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்குவார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் அவருக்கு ஆபீஸ். மஞ்சள் நோட்டீஸ் ஒன்று கொண்டுவந்திருந்தார். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ், ரூம், மூன்று வேளை உணவு என்று போட்டிருந்தது. கடைசி வரி, சமையல் ஆள் உடன் வருவார். அதை இரண்டு தரம் படித்தேன்.

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அடுத்தவர் சமைத்ததை உட்கார்ந்து, சூடாக, நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு வேளை கிடைக்கும். நாள் கணக்காகக் கிடைத்தது ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான். அது கஞ்சி.

மகன் ஏஜெண்டை நம்பவில்லை.

"இவரு கூட்டிட்டுப் போனா மூணாறப் பாக்க மாட்டோம்ப்பா. சாக்லேட் கடையத்தான் பாப்போம். ரெண்டு மணி நேரம் அங்கனயே நிப்பாட்டிருவாங்க. கமிஷன்."

"நீ என் பஸ்ஸுல வந்து பாத்தியா அப்பு?" என்றார் ஏஜெண்ட்.

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டதுக்கே இம்புட்டு கோவமா? வந்து பாத்திருந்தா அடிச்சே போட்ருவ போல."

மதினி சிரித்தார். மகன் போனைத் திருப்பிக் காட்டினான்.

"இந்தா, வீடே எடுத்துரலாம். ரெண்டு ரூமு. எதுத்தாப்புல தேயிலைத் தோட்டம். கிச்சன் இருக்கு. கேஸ் இருக்கு. நாமளே சமைச்சுக்கலாம்."

"அதான் சரி," என்றார் மதினி. "வெளிச் சாப்பாடு எனக்கு வயித்துக்குச் சேராது."

யார் சமைப்பது என்று யாரும் கேட்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். ஏஜெண்ட் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீதான் பள்ளிக்கூடத்துல சமைக்கிறியே. பேசாம சமையலுக்கு வந்துரு. சமையலுக்கு வாரவங்களுக்குச் சம்பளம் கெடையாது, சீட்டு ஃப்ரீ. அதான் எங்க வழக்கம்."

"அப்ப எனக்குப் பாதி சீட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏஜெண்ட் கூடயே போவோம்," என்றேன்.

"சமைக்கவாம்மா?" என்றான் மகன்.

"இல்ல. சீட்டு எடுத்து."

"சும்மா இரும்மா. நாமளா போனா பாதிதான் ஆகும்."

அவன் சொன்னது நிஜமாகத்தான் இருக்கும். கணக்கில் கெட்டிக்காரன். காரணத்தை நான் சொல்லவில்லை. சோற்றுக்கு ஆசைப்பட்டேன் என்று இந்த வயசில் எப்படிச் சொல்வது.

மூணாறில் வீடு போனில் பார்த்த மாதிரியே இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்றால் பச்சை, அதற்கு மேலே மஞ்சு மூட்டம். பேத்தி கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தது. அடுப்படி பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்சுவர். அதில் பாசி. அரிசி, மிளகாய்ப்பொடி, சின்ன வெங்காயம், குக்கர் எல்லாம் ஊரில் இருந்தே கட்டி எடுத்துப் போயிருந்தேன். குளிருக்கு அடுப்பு மந்தமாக எரிந்தது. மருமகள் வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். பிள்ளை அழுதது, போய்விட்டாள்.

"நீ டிபன முடிச்சு வையிம்மா," என்றான் மகன். "நாங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்."

வந்து கூட்டிக்கொண்டும் போனான். சொன்ன சொல் தவற மாட்டான். ஆனால் அதற்குள் மத்தியானச் சமையலுக்கு நேரமாகிவிட்டது. பாதி வழியில் திரும்பி வந்தோம்.

மறுநாள் டேம் பக்கம் போனபோது ரோட்டோரம் ஏஜெண்டின் பஸ் நின்றது. தார்ப்பாயை விரித்து நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட் என் மகனைப் பார்த்துக் கை ஆட்டினார்.

"வா அப்பு. சாக்லேட் கடைக்கு இன்னும் போகல. உனக்காகத்தான் காத்திருக்கோம்."

மகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் படகு பார்க்கப் போனார்கள். நான் நின்றேன். அண்டா பக்கத்தில் கரண்டியோடு இருந்த பெண்ணை எனக்குத் தெரியும். சேவுகம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஆபீஸ் கூட்டங்களில் பார்த்துப் பேசியிருக்கிறோம். என்னைவிட ஏழெட்டு வயசு இளையவள்.

"உக்காருக்கா," என்றாள். தட்டில் புளிச்சோறு வைத்தாள். வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு. ஆவி பறந்தது. நான் உட்கார்ந்தேன். நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"டேம் பாத்தியா?"

"எங்குட்டுக்கா. பஸ்ஸு மறைக்குது."

"சாப்டியா?"

"எல்லாரும் எந்திரிக்கட்டும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத பதிலா அது. அந்த நோட்டீஸில் கடைசி வரியை இரண்டு தரம் படித்தபோது, அந்த ஆள் யார் என்று ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை. எழுந்து கரண்டியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

"நீ விருந்தாளிக்கா. செத்த நேரம் இரு."

தட்டில் இருந்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டேன். சமைத்தவளுக்கு மீதியைப் பார்க்கப் பிடிக்காது.

ஊர் திரும்பும் வழியில், தங்கின வீட்டைப் பற்றி மகன் போனில் எழுதிக்கொண்டிருந்தான்.

"கிச்சனுக்கு எத்தன ஸ்டார்ம்மா குடுக்கட்டும்?"

"அஞ்சு குடு. அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு," என்றேன்.

ஒரு வருசம் போனது. அடுத்த லீவுக்கு முன்னால் அந்தச் சேவுகம்பட்டிப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன்.

"ஊட்டிக்கு ஏஜெண்ட் பஸ்ஸு போகுது. வாரியா?"

"அவரே கூப்புடுவாருக்கா. நான் இல்லாம அண்டாவ யாரு ஏத்துறது?"

"சமைக்கக் கூப்பிடல. சீட்டு எடுத்து."

"அப்ப யாருக்கா சமைப்பா?"

"நாம இல்ல."

மாடி ஏறி ஏஜெண்டைப் பார்த்தேன். விசயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"சமைக்கிற ரெண்டு பேரும் சீட்டு எடுத்துட்டா நான் எங்க போவேன் தங்கச்சி?"

"ஆள் தேடுங்க. சம்பளம் குடுத்தா வருவாக."

"சீட்டுத்தான் ஃப்ரீயா தாரேனே."

"அந்தச் சீட்டுல உக்கார நேரம் இருக்காதுண்ணே."

அவர் பேனாவை எடுத்து இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி கேட்டார். "அப்ப மூணு நாளைக்கு இங்க எங்களுக்கு?"

"கிச்சன் இருக்கு. கேஸ் இருக்கு. நீங்களே சமைச்சுக்கலாம்."

மகன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எங்கே கேட்ட பேச்சு என்று கொஞ்ச நேரம் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் மாறியது.

"அப்பவே சொல்லிருக்கலாம்லம்மா."

"சொன்னேன். சீட்டு எடுத்துன்னு."

அன்றைக்கு அவன் தட்டை அவனே கழுவி வைத்தான்.

போன வருசம் மகன் சொன்னதும் பொய்யில்லை. ஊட்டியில் சாக்லேட் கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். ரூமில் வெந்நீர் வரவில்லை. பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதை அடைத்தது. நாமாகப் போயிருந்தால் நினைத்த இடத்தில் இறங்கியிருக்கலாம். ஊருக்கு வந்ததும் அவனிடம் அதை ஒத்துக்கொண்டேன்.

சமையலுக்கு வத்தலக்குண்டில் இருந்து ஒரு பெரியவரும் அவர் மச்சினனும் வந்திருந்தார்கள். சம்பளத்துக்கு. சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சொல்லவில்லை. கரண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். சேலையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா."

"சோத்தப் பெசையி."

பெரியவரும் எல்லாரும் முடித்த பிறகு அண்டா ஓரத்தில் நின்றுதான் சாப்பிட்டார். முதல் நாள் பார்த்தேன். இரண்டாம் நாள் தார்ப்பாயில் நகர்ந்து இடம் விட்டேன். "இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தார். சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "உப்புக் கூடிருச்சுல்ல?" என்றார். அவள் சிரித்ததில் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் விரலை மடக்கினேன். வெள்ளிக்கிழமை காலை இட்லியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு வரை. உட்கார்ந்து சாப்பிட்டது.

எட்டு வேளை.