மதுரை வெயிலுக்கு ஒரு ஹீட்டர்

சித்திரை வெயிலில், அதுவும் மதுரையில், காருக்குப் புது ஹீட்டர் மாட்டிய ஒரே முட்டாள் நான்தான்.

என் பழைய காரில், என்ஜின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் பெட்டி ஓட்டையாகி, மனைவியின் காலில் சொட்டியது. சமயநல்லூர் மெக்கானிக், "ஹீட்டருக்குப் போற ரெண்டு ஓஸ் பைப்பையும் ஒண்ணாச் சேர்த்து விட்ருவோம்ணே. நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டரு?" என்றார். என் வண்டியை மட்டம் தட்டியதாக எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புதுப் பெட்டி வாங்கி நானே மாட்டினேன்.

மறுநாள் எழுமலையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காலடியில் அனல் வீசியது. அதை நிறுத்தும் கம்பியை நான் மாட்டவே இல்லை.

"எல்லாம் அந்த மெக்கானிக்கால வந்தது" என்று கத்தினேன்.

"அவரு வண்டியத் தொடவே இல்லையே" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

அவள் மயங்கிவிடாமலிருக்க மரத்துக்கு மரம் நிறுத்தினேன். போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. கோயில் வாசலில் பிள்ளையோடு தங்கை கண் சிவந்து நின்றாள்.

இப்போதெல்லாம் கோபம் வந்தால், நிறுத்துகிற கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அன்று அந்தப் புத்தி இல்லை. தங்கையிடமும் எகிறினேன்.

"அதான் வந்துட்டேன்ல? இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"மடிய மட்டும் குடுண்ணே, வாய மூடு."