பாறையைத் தாங்கிய நாற்பது நிமிடம்

ஆபத்தான நிலையில் இருக்கும் பாறை பற்றி மனு வந்தால், முப்பது நாளுக்குள் இடத்தை நேரில் பார்த்து மனுதாரருக்குப் பதில் தர வேண்டும். விதி அப்படி. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் மனுக்கள் அந்த முப்பது நாளை எப்படித் தாண்டிப் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் மனுவும் அப்படித்தான் போகும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏற்காட்டில் வாழவந்திக்குப் போகும் வழியில் ஒரு சின்ன வீட்டுக்கு நானும் மனைவியும் குடிவந்தோம். பின்பக்க மேட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, மாட்டு வண்டி அளவில் ஒரு பாறை. மழை பெய்தால் அது எங்கள் சமையலறையையே குறிவைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். மனு போட்டேன். தாலுகா அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் போட்டேன். இரண்டாம் நினைவூட்டும் போட்டேன்.

பக்கத்துத் தோட்டத்தில் விவசாயம் பார்க்கும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வந்து, பாறையின் அடியில் இருந்த ஒரு சின்னக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூப் போட்டுவிட்டுப் போவார்.

"ஏனுங்க சார், இன்னும் எத்தனை காயிதம் எழுதுவீங்க? சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாமிக்கு என்ன முகவரி?" என்றேன்.

"உங்க ஊட்டுக்குப் பொறத்தாலயே இருக்குதுங்களே!"

அனுமதியில்லாத வழிபாடு பற்றித் தனியாக இன்னொரு மனு போட்டேன்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மனைவி சேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். யாரையும் நம்பியது போதும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். முனையில் இரும்பு வைத்த பாதுகாப்பு பூட்ஸ், அதில் இரட்டை முடிச்சு, கையில் கடப்பாரை, பையில் நானே வரைந்த படம். பாறையின் கீழ்ப்பக்கம் பெரிய கற்களை வைத்து முட்டுக் கொடுப்பது என் திட்டம். அதற்கு இடம் வேண்டுமே என்று, குறுக்கே இருந்த மஞ்சள் கல்லை நெம்பி எடுத்து ஓரமாக வைத்தேன்.

பாறை ஒருமுறை முனகியது. ஓர் அங்குலம் இறங்கி, என் வலது பூட்ஸின் மூக்கில் உட்கார்ந்தது. இரண்டு கையையும் தோளையும் கொடுத்துத் தடுத்தேன். நின்றது. அதாவது, நான் நிறுத்தினேன். கையை எடுத்தால் நானும் சமையலறையும் ஒரே கோப்பில் முடிந்துவிடுவோம். போன் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கக் கை இல்லை. கத்தினேன். பதிலுக்கு மழை வந்தது.

அப்படியே நாற்பது நிமிடம். வேறு வழியில்லாமல், "ஐயா, தங்களுக்கு இதுவரை நான் நேரடியாக விண்ணப்பித்ததில்லை" என்று ஆரம்பித்தேன். பொருள்: பாறை. பார்வை: முந்தைய கடிதம் ஏதுமில்லை. அதற்குமேல் வாசகம் ஓடவில்லை. "என்னால முடியல சாமி" என்று மட்டும் வந்தது. என் பணிக்காலத்தில் அவ்வளவு சுருக்கமாக எதையும் நான் எழுதியதில்லை.

அப்போதுதான் அந்த அம்மா பூக்கூடையும் தூக்குவாளியுமாக மேடேறி வந்தார்.

"இதென்னங்க, சாமி முன்னால பூட்ஸோட நிக்கறீங்க? மொதல்ல கழட்டுங்க!"

"கையை எடுத்தா பாறை உருண்டுடும்மா!"

அவர் பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒரு லாரி கல்லுங்க இது. உங்க கையிலயா நிக்குது? எடுங்க கண்ணு."

அறுபத்தாறு வயதில் 'கண்ணு'. அந்தச் சொல்லில் என் வீம்பு இளகிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை எடுத்தேன்.

பாறை அசையவில்லை. நான் இவ்வளவு நேரம் அங்கே இருந்ததை அது கவனித்ததாகவே தெரியவில்லை. குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். கால் சுலபமாக வெளியே வந்தது. சிக்கியிருந்தது பூட்ஸ்தான், நான் இல்லை.

அவர் மஞ்சள் கல்லைப் பழைய இடத்திலேயே தட்டிப் பொருத்தினார். "இத எடுத்தா அது கோவிச்சுக்காதுங்களா?" என்றார். நான் இன்னொரு பூட்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று, அவர் தூக்குவாளியிலிருந்து எடுத்துக் கொடுத்த பொங்கலை அவசரமாக அள்ளிச் சாப்பிட்டேன். பாதி தாடையில் போனது. மறுநாள் ஊர்க்காரர்கள் நான்கு பேர் வந்து முறையாக முட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் வேலை. பூட்ஸை மட்டும் யாராலும் உருவ முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மா அதை ஓர் இலையால் மூடிவிட்டுத்தான் பூஜையை ஆரம்பிக்கிறார்.

அலுவலகமும் என்னைக் கைவிடவில்லை. "பாறை உறுதியாக உள்ளது. அடியில் சிக்கியுள்ள காலணியை மனுதாரர் தம் சொந்தப் பொறுப்பில் அகற்றிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. குற்றம் சொல்ல முடியாத வாசகம்.

மகளின் வேலை, மனைவியின் ரத்த அழுத்தம் என்று எதையாவது நான்தான் தாங்கிக்கொண்டிருப்பதாக இன்றும் அடிக்கடி தோன்றும். அப்போதெல்லாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஒரு நிமிடம் கையை எடுத்துப் பார்க்கிறேன். தாங்குகிறவர் வேறொருவர். அலுவலகத்தின் பதில் என் கைக்கு வந்தது அடுத்த வருடம் வைகாசி முதல் வெள்ளிக்கிழமை. அவருடைய பதில் வந்தது, நான் கையை எடுத்த அன்றே.