மக்கி வக்கீலின் காப்பிக் கிண்ணம்

மூன்றாவது கிண்ணம் ஊற்றியதும் உஸ்தாத் மக்கி எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைப் பார்ப்பார். கிண்ணம் லேசாக இரண்டு தரம் ஆடினால், ‘போதும்’ என்று அர்த்தம். ஆடாவிட்டால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். இடது கையில் பித்தளைக் கூஜா, வலது கையில் கிண்ணம், நின்றபடியே ஊற்றுவார். எழுபத்தெட்டு வயதில் முழங்கால் கெஞ்சினாலும் உட்கார்ந்து ஊற்ற மாட்டார். ஆட்டிய கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டதில்லை, ஆட்டாத கிண்ணத்தைக் காலியாக விட்டதும் இல்லை. “இது காப்பி இல்ல, சட்டம்” என்பார்.

புதிதாக விமானம் இறங்கி வந்த நம் ஆட்களுக்கு இந்தச் சட்டம் எங்கே தெரியும்? கொடுத்ததை வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, ஊற்ற ஊற்றக் குடிப்பார்கள். கசப்பும் ஏலக்காயுமான அந்த வெளிறிய காப்பி வயிற்றைப் புரட்டும். உஸ்தாத் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். ஆள் போனபிறகு வழக்குக் கட்டின் மேல் பென்சிலால் ஒரு எண்ணைப் போடுவார். ஆறு, எட்டு, ஒன்பது. “நிறையக் குடிச்சவன் பாவம், வேணாம்னு சொல்லத் தெரியாதவன். கம்பெனிக்காரன் நீட்டின காகிதத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பான். அவனுக்குத்தான் வக்கீல் வேணும்.”

பஹ்ரைனின் மனாமாவில் ஒரு அல்வாக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். வக்கீலை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். படியேறும்போதே நெய்யும் குங்குமப்பூவும் மூக்கைத் துளைக்கும். வழக்குக் கட்டுகளைக் கட்டியிருப்பதுகூட அல்வா டப்பாவின் சிவப்புக் கயிறுதான். அங்கே நான் முப்பத்தாறு வருஷம் டைப்பிஸ்ட், தமிழுக்கும் மலையாளத்துக்கும் அவருடைய வாய்.

என் பெயர் பலவேசம். தூத்துக்குடியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பஹ்ரைனில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட, மூத்த மகன் பெயருக்கு முன்னால் ‘பூ’ போடுவார்கள். இன்னாருடைய அப்பா என்று பொருள். முதல் நாள் என் பெயரைக் கேட்ட உஸ்தாத், “பூ லவேசமா? நல்லது. லவேசம் என்ன படிக்கிறான்?” என்றார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. விஷயம் தெரிந்த பிறகும் மனுஷர் விடவில்லை. எனக்கு இரண்டு பெண்கள் பிறந்து அவர்களுக்கும் பிள்ளைகள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகும், “லவேசத்துக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று விசாரிப்பார்.

நம்மவர்களும் சும்மா இருப்பார்களா? மக்கி என்ற பெயரைக் கேட்டதும், “பேரே மக்கிப் போனதா இருக்கேண்ணே, கேஸு தேறுமா?” என்று படியிலேயே என்னிடம் கேட்பார்கள். நான் ஒரு தரம் அதை அவருக்கு மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அரை மணி நேரம் சிரித்தார். பிறகு புதிதாக யார் வந்தாலும், “நான் மக்கிப் போனவன், என்ன வேணும்?” என்று என்னைச் சொல்லச் சொல்வார்.

நீதிமன்றத்தில் ஆள் வேறு. அவர் பேசும் அரபி பெருங்கோயில் கதவு போலக் கனமாகத் திறக்கும். எதிர்க்கட்சி வக்கீல் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினாலும் எழுந்து நின்று திருத்துவார். நீதிபதியே கொஞ்சம் பயந்துதான் பேசுவார். காலையில் அப்படிப் பேசிவிட்டு, மதியம் ரொட்டியில் மீன் சாறு தடவி, விரலை நக்கியபடி எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார். நம் கருவாட்டுக்குழம்புக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாடை. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள், நானும் அவரும்தான் தின்போம். அந்த மதியங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நாக்கும் ஊறுகிறது, கண்ணும் கலங்குகிறது.

அவருடைய கட்டுகளிலேயே பெரிய எண் பதினொன்று. அது ஆண்டிச்சாமியின் கட்டு.

தொண்ணூற்றி நாலாம் வருஷக் கோடை. ஆண்டிச்சாமி இளையான்குடிப் பக்கத்து ஆள், ஒரு கட்டுமானக் கம்பெனியில் கம்பி கட்டுகிறவன். கம்பெனி என்றால் சாதாரணமானது இல்லை, ஊரில் பாதிப் பாலம் அவர்கள் போட்டது. அவனுடைய தம்பி பாண்டியும் அங்கேயே வேலை செய்தான். பலகை போடாத சாரத்திலிருந்து பாண்டி விழுந்துவிட்டான். அன்று சாரத்தில் பலகை இல்லை என்று சொல்லத் துணிந்த ஒரே ஆள் ஆண்டிச்சாமி. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனான். மறுநாள் காலையில் தம்பியை இழந்து திரும்பி வந்தபோது கம்பெனி வாசல் மூடியிருந்தது. ‘ஓடிப்போனவன்’ என்று அவன் பேரில் புகாரும் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் பாஸ்போர்ட் கிடையாது. சிறை, பிறகு என்றைக்கோ ஒருநாள் நாடு கடத்தல். சாட்சியும் அதோடு ஒழிந்தான். ஆனால் ஆண்டிச்சாமிக்குச் சிறையைப் பற்றிக் கவலை இல்லை.

“தம்பி ஐஸ்பெட்டியில கெடக்காண்ணே. அவனைச் சாமான் மாதிரித் தனியா அனுப்பிச்சுருவாக. நான் கூட்டியாந்த புள்ள. நான்தான் கூட்டிட்டுப் போவணும். வக்கீலய்யாகிட்ட அதை மட்டும் சொல்லுங்க” என்று அழுதபடி காப்பியைக் குடித்தான். உஸ்தாத் ஊற்றினார். அவன் குடித்தான். பதினோராவது கிண்ணத்தில் நானே பொறுக்க முடியாமல் அவன் கையைப் பிடித்து ஆட்டிவிட்டேன்.

கம்பெனியின் கையில் இருந்தது ஃபோர்மன் ஹம்தியின் அறிக்கை. எகிப்துக்காரர், வாய் ஓயாதவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ‘நான் போகிறேன் என்று என்னிடம் சொன்னான். போனான்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்படிச் சொன்னது உண்மையா என்று ஆண்டிச்சாமியைக் கேட்டால், “சொல்லிட்டுத்தாண்ணே போனேன், சொல்லாமப் போவேனா?” என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று, “போயிட்டு வாரேன்யா” என்று கும்பிட்டான். உஸ்தாத் கூஜாவைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார்.

“பூ லவேசம், இவன் போகும்போது ரெண்டு வார்த்தை சொல்றான். போறதுக்கு ஒரு வார்த்தை பத்தாதா?”

“போயிட்டு வரேன்னு அர்த்தம், உஸ்தாத்.”

“எதுக்கு வரான்? நாளைக்கு இங்க வேலை ஒண்ணும் இல்லையே.”

“வரதுக்காக இல்ல. எங்க மொழியில வெறும் ‘போறேன்’னு சொல்லக் கூடாது. அபசகுனம்.”

கூஜா கீழே இறங்கியது. “ஃபோர்மன்கிட்ட எந்த மொழியில சொன்னான்னு கேளு. அப்படியே, ஒரு எழுத்து விடாம.”

படியில் ஓடிப்போய்க் கேட்டேன். ஆண்டிச்சாமி என்னை விசித்திரமாகப் பார்த்தான். எல்லாரும் பேசுகிற அந்த உடைசல் அரபியில்தான் சொல்லியிருக்கிறான். “‘அனா ரூஹ், அனா ஜீ’ன்னேன். நான் போறேன், நான் வாரேன். வேற எப்படிண்ணே சொல்றது?”

வழக்கு நாளில் ஹம்தி சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றார். உஸ்தாத் எழுந்தார். கதவு போலத் திறக்கும் அந்த அரபியை எதிர்பார்த்து எழுத்தர் பேனாவைத் திறந்தார். உஸ்தாத் தோளைக் குறுக்கி, நம் ஆட்களைப் போலத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, ஹம்தியை நண்பா என்று கூப்பிட்டு, “சதீக், அனா ரூஹ், அனா ஜீ” என்றார்.

நீதிமன்றமே சிரித்துவிட்டது. கம்பெனி வக்கீல் எழுந்து, இங்கே அரபியில்தான் பேச வேண்டும் என்று ஆட்சேபித்தார்.

“இதுவும் அரபிதான் ஐயா. துறைமுகத்துல எங்க அப்பா டீ ஆத்தின அரபி. நான் முதல்ல பேசினது இதைத்தான். உங்களோடத அப்புறமாத்தான் படிச்சேன்” என்ற உஸ்தாத், ஹம்தி பக்கம் திரும்பினார். “இப்படியா சொன்னான்?”

ஹம்திக்கும் சிரிப்பு. “அச்சு அசல் அப்படித்தான் உஸ்தாத்.”

“அந்த ரெண்டாவது பாதியை ஏன் எழுதல?”

“அதெல்லாம் ஒரு பேச்சா? அந்த மதராஸிங்க எல்லாரும் அப்படித்தான். கக்கூஸுக்குப் போனாலும் ‘ரூஹ், ஜீ’ தான். பழக்கம்.”

“எத்தனை பேர் இருக்காங்க உங்ககிட்ட?”

“நாற்பது பேர்.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு வருஷமா.”

“அப்படிச் சொல்லிட்டுப் போனவன் எவனாவது திரும்பி வராம இருந்திருக்கானா?”

ஹம்தியின் சிரிப்பு நின்றது. கம்பெனி வக்கீலைப் பார்த்தார். மீசையைச் சொறிந்தார். சத்தியம் செய்த மனுஷர். “இல்ல. வந்துருவானுங்க.”

“இவன்?”

“இவனும் வந்தான். காலைல வாசல்ல நின்னான். உள்ள விட வேணாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க.”

யாரும் அப்புறம் சிரிக்கவில்லை. நீதிபதி என்னைக் கூப்பிட்டு, “உங்க மொழியில ‘போறேன்’னு சொல்லவே மாட்டீங்களா?” என்று கேட்டார். “வீட்டுல சொன்னா அடி விழும் ஐயா. வாயில நல்ல வார்த்தை வராதான்னு கேப்பாங்க” என்றேன்.

புகார் தள்ளுபடியானது. ஆனால் கம்பெனி வக்கீல் லேசில் விடுகிற ஆளா? பாண்டி சாரத்திலிருந்து விழுந்த வழக்கில் இவன்தான் ஒரே சாட்சி, இப்போது ஊருக்குப் போனால் திரும்பவே மாட்டான், அந்த வழக்கையும் இன்றே முடித்துவிடுங்கள் என்றார். உஸ்தாத் ஒரே வரியில் பதில் சொன்னார். “சொல்லிட்டுப் போறான், வருவான்.”

ஆண்டிச்சாமி தம்பியோடு ஒரே விமானத்தில் ஊருக்குப் போனான். சவப்பெட்டி விமானத்தில் ஏறுகிறவரை அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்கோ நம்பிக்கை இல்லை. சொந்தத் தம்பியைக் கொன்ற ஊருக்கு எவன் திரும்புவான்? உஸ்தாத் சொந்தப் பொறுப்பில் அவனுக்கு விசா எடுத்து அனுப்பினார். ஒரு மாதம், இரண்டு மாதம், சத்தமே இல்லை. “உன் ஆளு ரூஹ் மட்டும்தானா? ஜீ எங்க?” என்று தினமும் என்னைச் சீண்டுவார். சீண்டும்போது அவர் கண் வாசலில் இருக்கும். அவரும் பயந்துதான் இருந்தார், சொல்லமாட்டார்.

நாலாவது மாதம், மொட்டைத் தலையில் முடி அரும்பு விட்டிருக்க, ஒரு பை பனங்கிழங்கோடு ஆண்டிச்சாமி மாடியேறி வந்தான். உஸ்தாத் கூஜாவை எடுத்தார். மூன்றாவது கிண்ணத்தில் அவன் மணிக்கட்டு இரண்டு தரம் ஆடியது. யாரிடம் கற்றானோ தெரியாது. மறுநாள் கூண்டில் ஏறி, பலகை இல்லை என்று சொன்னான். கம்பெனி தோற்றது. அதன் பிறகு அவர்கள் கட்டிய எல்லாச் சாரத்திலும் பலகை இருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உஸ்தாத் காரை நிறுத்தி, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

போன மாதம் நானும் ஊருக்குக் கிளம்பினேன். எனக்கும் அறுபத்து நாலாகிவிட்டது, விசாவை ரத்து செய்தாகிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை. கடைசியாக மாடியேறினேன். அல்வாக் கடையில் அப்போதுதான் நெய் ஊற்றியிருந்தார்கள்.

உஸ்தாத் நின்றபடி ஊற்றினார். லவேசத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கிண்ணம் குடித்தேன். எழுந்து, பழக்கத்தில் தமிழிலேயே, “போயிட்டு வரேன் உஸ்தாத்” என்றேன்.

“ரூஹா, ஜீயா?”

“ரெண்டும்தான்.”

அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு எப்படிச் சொல்வது? வெறும் ‘போறேன்’ என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கிண்ணத்தை அவர் எதிரில் நீட்டி, நன்றாகத் தெரியும்படி இரண்டு தரம் ஆட்டினேன். உஸ்தாத் மக்கி என் மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கூஜாவைச் சாய்த்து ஊற்றினார்.