மலேசியா டீச்சருக்கு வீடு தேடிய மே மாதம்

மூன்று வருடங்களுக்கு முன், ராஜபாளையத்தில் அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் முடியாத ஒரு மே மாதக் கடைசியில் நடந்தது இது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. ஓய்வு பெற அப்போது நான்கு வருடம் பாக்கி. முழங்கால் மட்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

அந்த வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்த வெளிநாட்டிலிருந்து ஒரு டீச்சரை எடுத்திருந்தார்கள். 'ஃபாரின் டீச்சர்' என்று நோட்டீஸ் அடித்து இரண்டு ஊரிலும் கொடுத்தாகிவிட்டது. வந்து இறங்கியவரைப் பார்த்ததும் எங்கள் வாட்ச்மேனுக்கே முகம் விழுந்துவிட்டது. மலேசியாவில் ஈப்போ பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அப்படி இருந்தார். ஆனால் ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளியின் விருந்தினர் அறையில் அவரைத் தங்க வைத்திருந்தார்கள். பள்ளி திறக்கும்போது அதை ஹாஸ்டலுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் வீடு பார்த்தாக வேண்டும். "உள்ளூர்க்காரங்க நீங்கதான் டீச்சர், நல்ல ஏரியாவாப் பாத்துக் குடுங்க" என்று தாளாளர் என் தலையில் கட்டிவிட்டார். நானும் மறுக்கவில்லை. இதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை. வீடு கிடைக்காமல் அந்த அம்மாள் விமானம் ஏறிவிட்டால், அவருக்கென்று ஒதுக்கிய வகுப்புகள் அத்தனையும் என் தலையில்தான் விழும். அந்த வகுப்புகள் நடப்பது மூன்றாவது மாடியில்; இந்த முழங்காலோடு அங்கே நான் ஏற முடியாது.

எந்த ஊரில் வீடு பார்ப்பது என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ராஜபாளையத்துக்காரர்கள் ஆஸ்பத்திரி, கடை கண்ணி, மில் சம்பளத்தில் ஓடுகிற பஜார் என்று அடுக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபுரத்தையும் அமைதியையும் பால்கோவாவையும் எடுத்து வீசினார்கள். குடியிருக்கப் போகிறவரை யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். சாயங்காலம் தனியாக நடந்து போகிற மாதிரி தெரு வேண்டும். டிசம்பரில் அம்மா வந்து தங்க ஒரு அறை வேண்டும். அவ்வளவுதான். இது என்ன பிரமாதம், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் உபசாரம் பலமாகத்தான் இருந்தது. ஃபேனைக் கூட்டி வைத்தார்கள், மோர் கொடுத்தார்கள். பிறகு அந்த வீட்டு அம்மாள் மலேசியா டீச்சரிடம் எந்த ஊர் என்று கேட்டார். ஈப்போ என்றார் இவர்.

"அது சரி. பூர்வீகம் எங்கிட்டு?"

"தெரியலங்க. தாத்தாவோட அப்பா காலத்துல ரப்பர் எஸ்டேட்டுக்குப் போனது."

"குலசாமி எந்தக் கோயில்?"

"வீட்டுல முருகனைக் கும்பிடுவோம்."

"முருகனை எல்லாரும்தானம்மா கும்பிடுதாவ. நீங்க எந்த ஆளுக?"

தெரியாது என்றார் இவர். சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன். "அவிய வரட்டும், கேட்டுட்டு போன் பண்ணுதேன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். வெளியே வந்ததும் இவர், "நல்ல மனுஷங்க. எப்ப போன் வரும்?" என்று கேட்டார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு போன வீடுகளை நான் தனித்தனியாகச் சொல்லப்போவதில்லை. எல்லாம் ஒன்றுதான். ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் சென்னையிலிருந்து பையன் திடீரென்று வருவதாக இருந்தான். ஒருவர் வாய்விட்டே, "வெள்ளக்கார டீச்சர்னு நெனைச்சோம், அவியன்னா வேற" என்றார். வெள்ளைக்காரி வந்திருந்தால் அவளிடம் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். இவர் முகம் நம் முகமாக இருந்ததுதான் வினை. நம்மைப் போல இருக்கிற ஒருத்திக்குத் தன் ஆளுக யாரென்று தெரியாது என்றால் யார் நம்புவது? தெரிந்தும் மறைக்கிறாள், அப்படியானால் மறைக்கிற மாதிரியான ஆள்தான் என்று எல்லாரும் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒரு நாள் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடை நிழலில் நின்றபோது, "நிஜமாவே எல்லாருக்கும் இது தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன்பே தெரிந்துவிடும் என்றேன். முந்தின இரவு ஈப்போவுக்குப் போன் செய்து விசாரித்ததாகச் சொன்னார். பெரிய மாமா ஒன்று சொன்னாராம். சின்ன மாமா அது இல்லவே இல்லை என்று வேறொன்று சொன்னாராம். இரண்டு பேருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம். அம்மாதான் கத்திவிட்டாராம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் படிக்க வைத்தது இதைக் கேட்கத்தானா, திரும்பி வா என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டு டிக்கெட் போடப் போவதாகவும் சொன்னார்.

பயந்துவிட்டேன். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு. மாடி முழுவதும் தனி. மேற்கே ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், காற்று சும்மா அள்ளிக்கொண்டு போகும். அம்மாவுக்கு அறை உண்டு. சாயங்காலம் ரத வீதியைச் சுற்றி நடந்துவிட்டு வரலாம். வீட்டுக்கார அம்மாள் என் பழைய மாணவனின் தாய், என் குடும்பத்தை நன்றாக அறிந்தவர். மலேசியா டீச்சர் ஜன்னலருகே நின்ற நிற்பைப் பார்த்ததும், வீடு அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த அம்மாள் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"வேற யாருமில்லம்மா, எங்க சித்தி மகதான். மலேசியாவுல கட்டிக் குடுத்தோம்லா, அவிய மக."

அந்த அம்மாளுக்கு வாயெல்லாம் பல். "அதான பாத்தேன், மூக்கு அப்பிடியே ஒங்க மூக்கு" என்றார். உடனே காபி வந்தது. அட்வான்ஸ் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், சொந்தக்காரர்களிடம் என்ன பேச்சு என்றார். ஆனால் எங்கள் பக்கத்தில் சொந்தம் என்று சொல்லிவிட்டால் அதோடு விடுவார்களா? எந்தச் சித்தி, சாத்தூரில் கொடுத்தவருக்கு மூத்தவரா, இளையவரா, கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, அதற்கு நாங்கள் வந்தோமா இல்லையா என்று ஆரம்பித்துவிட்டார். நானும் இல்லாத சித்திக்கு வயது கொடுத்தேன், மாப்பிள்ளைக்கு வேலை கொடுத்தேன், ஊருக்கு வராமல் போனதற்கு ஒரு மனஸ்தாபமும் கொடுத்தேன். அந்த அம்மாள் இவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா சொகமா இருக்காவளா? அக்கா மகளோட போன்ல பேசுவாவளா?"

இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "நான் இவங்க சொந்தம் இல்லங்க. கூட வேலை பாக்குறேன், அவ்வளவுதான். வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நான் யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஏன் டீச்சர், எங்கிட்டயேவா?" என்று என்னைத்தான் கேட்டார். படியிறங்கும்போது முழங்கால் வலித்ததா, மானம் போனது வலித்ததா என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியை எடுக்கும் முன் கோபத்தில் கேட்டேவிட்டேன். செத்த நேரம் பேசாமல் இருந்திருந்தால் சாவி கைக்கு வந்திருக்குமே என்று. அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

"செத்த நேரம் இல்ல டீச்சர், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். ரெண்டு வருஷமும் நான் உங்க சித்தி மகளா இருக்கணும். டிசம்பர்ல எங்கம்மா வருவாங்க. இந்த வயசுல அவங்களும் உங்க சித்தியா நடிக்கணுமா? எங்கம்மாவ எங்கம்மான்னு சொல்லிக்க முடியாத வீட்டுல நான் எப்பிடித் தூங்குறது?"

நான் அவருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அவருடைய அம்மாவை அல்லவா விலையாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. இனிமேல் நான் பேசவே வேண்டாம், வண்டி மட்டும் ஓட்டினால் போதும் என்றார். ராஜபாளையத்தில் ஒவ்வொரு வாசலிலும் அவரே போய் நின்று, வணக்கம் சொல்லி, ஒரே மூச்சில் ஒப்பித்தார். நான் மலேசியா, டீச்சர், தனியாள், அம்மா வந்துபோவார், என்ன ஜாதி என்று எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்லத் தெரியாது, வீடு இருக்கிறதா? உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மோர் குடித்து, ஃபேனடியில் உட்கார்ந்து, அரை மணி நேரம் கழித்து வருகிற 'இல்லை' இப்போது அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சந்துக்குள் போனோம். பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு வீடு. முன்னால் சின்னப் பலசரக்குக் கடை. கடையில் இருந்த அம்மாள் பருப்பு நிறுத்துக்கொண்டே ஒப்பித்தல் முழுவதையும் கேட்டார்.

"இதச் சொல்லவா இம்புட்டு வேகமா வந்திய? உள்ள வந்து வீட்டப் பாருங்க. பொறவு சத்தம்னு எங்கிட்டச் சண்டைக்கு வரக் கூடாது. ராத்திரியும் தறி ஓடும். வந்தவிய எல்லாம் மாசம் முடியுமுன்ன ஓடிட்டாவ."

உள்ளே சுவரில் கை வைத்தால் கை அதிர்ந்தது. பேசினால் கத்த வேண்டியிருந்தது. அம்மாவுக்கு என்று ஒரு அறை இருந்தது, ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருமாம். நான் இவர் காதருகே போய், "வேண்டாம் மிஸ், இன்னும் ரெண்டு தெரு பாத்துருவோம்" என்றேன்.

"தெருவுல கேப்பாவ. என் வீட்டுக்காரரும் கேப்பாவ. எதாச்சும் ஒண்ணச் சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன்" என்றார் கடைக்கார அம்மாள்.

"வேணாங்கா. தெரியாதுன்னே சொல்லுங்க."

"நம்ப மாட்டாவ."

"பரவால்ல."

அந்த அம்மாள் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கேட்டுட்டுப் போறாவ. எனக்கு வாடகை மாசம் பொறந்தா வந்துரணும்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். தர்ம சிந்தனை எல்லாம் இல்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு, அவ்வளவுதான். அந்த வெளிப்படையான பேச்சுதான் இவருக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். சந்து முனைக்கு வந்ததும் நான் மறுபடி, அந்த மலை தெரிகிற ஜன்னலை நினைத்துக்கொண்டு, அவசரப்பட வேண்டாம் என்று ஆரம்பித்தேன்.

"சத்தம் பழகிடும்லா டீச்சர்" என்றார். "இன்னொரு வாசல்ல நின்னு அதையே சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அங்கேதான் இரண்டு வருடமும் இருந்தார். டிசம்பரில் அவருடைய அம்மா வந்தார். முதல் வாரம் தூக்கமே இல்லையாம். பிறகு கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வந்ததாம். என்னைப் பார்த்ததும், "நீங்க கொஞ்ச நேரம் எனக்கு அக்கா மகளா இருந்தீங்களாமே" என்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல மனுஷி. தெருவில் அவரையும் கேட்டிருக்கிறார்கள். அவரும் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஒப்பந்தம் முடிந்து மலேசியா டீச்சர் ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. அவருடைய வகுப்புகள் இப்போது என்னிடம்தான். மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாண வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ இன்னமும் யாராவது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்குத் தெரியாம இருக்காது, அந்த டீச்சர் எந்த ஆளுக?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அதே ஆட்கள் என்னைப் பற்றிக் கேட்கும்போது மட்டும், யோசிக்கும் முன்பே பதில் வாயில் வந்து நின்றுவிடுகிறது. ஒரே ஒரு முறை, அவர் சொன்ன மாதிரி நிமிர்ந்து நின்று, எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட எவ்வளவோ ஆசைதான், ஆனால் எனக்குத் தெரிந்து தொலைத்திருக்கிறதே!