மாடத்தியின் நேர்ச்சைச் சேவல்

உப்பளத்து வேலைக்குப் போகிற பெண்களில் சுடலைமாடத்தியின் வாய்க்கு முன்னால் நிற்க ஆள் கிடையாது. கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். அப்படிப்பட்டவள் ஒரு சேவல் குஞ்சுக்காக ஓவென்று அழுதாள் என்றால் தூத்துக்குடியில் யார் நம்புவார்கள்? ஆனால் அழுதாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், உலகச் சண்டை நடந்த காலம். கடலில் கண்ணிவெடி மிதக்கிறது, நீர்மூழ்கி திரிகிறது என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. அவள் புருஷன் மந்திரமூர்த்தியோ கொழும்புத் தோணியில் சமையல்காரர். வரவேண்டிய நாள் தாண்டியும் தோணி வரவில்லை. மாடத்தி சுடலைமாடன் கோயிலுக்குப் போய், "அவுக நல்லபடியா வந்து சேந்தா கொடைத் திருவிழாவுக்கு உனக்கு ஒரு செவப்புச் சேவல்" என்று நேர்ந்துகொண்டாள். நேர்ச்சைச் சேவலுக்கு ஊனம் இருக்கக் கூடாது. ஒரு நகம் போயிருந்தாலும் பூசாரி தள்ளிவிடுவார்.

கொற்கையிலிருந்து அவள் தம்பி அய்யாக்குட்டி ஓலைக்கூடையில் ஐந்து இளங்குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஒன்று சிவப்புச் சேவல். அதை மாடனிடம் காட்டி, நேர்ச்சைக்கு அடையாளமாகக் காலில் மஞ்சள் நூல் கட்டிக் கொண்டுவந்தவள், ஐந்தையும் அப்படியே முற்றத்தில் திறந்துவிட்டாள். அடேயப்பா! அவள் வீட்டுக் கோழிகளுக்கு நாட்டாமை கருப்பி என்கிற கிழட்டுப் பெட்டை. அது கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய, மற்றவை அதன் பின்னால் பாய, குஞ்சுகள் விறகுக்கட்டுக்கு அடியில் ஒளிந்தன.

பக்கத்து வீட்டு முத்துக்கனி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏளா, புதுசா வந்ததைப் பஞ்சாரத்துல கவுத்து முத்தத்துல வையி. ஒண்ணையொண்ணு பாத்துப் பழகட்டும். எடுத்த எடுப்புல சேத்தா கொத்தாம என்ன செய்யும்?"

குஞ்சுகளை மூங்கில் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தாள். கருப்பி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, மூங்கில் இடுக்கில் மூக்கை நுழைத்தது, பிறகு அலுத்துப்போய்ப் பக்கத்திலேயே மண்ணைக் கிளறத் தொடங்கியது. இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். பொறுமைக்கும் மாடத்திக்கும் என்ன சம்பந்தம்? தோணியைப் பற்றி ஒரு சேதியும் இல்லாத வீட்டில் சும்மா இருக்க முடியாமல், அவளாக ஒரு யோசனை பண்ணினாள். கொற்கைக் குஞ்சில் வயல் வாடை அடிக்கிறது. நம் கோழியில் கருவாட்டு வாடை. வாடை ஒன்றாகிவிட்டால் சண்டை எதற்கு? கருவாடு அலசிய தண்ணீரைக் குஞ்சுகள் மேல் நன்றாகத் தெளித்து வெளியே விட்டாள்.

கருவாட்டுத் தூளையே தின்று வளர்ந்த கோழிகள் அல்லவா! ஐந்து கருவாடு தாமாக நடந்து வருவதாகத்தான் அவற்றுக்குத் தோன்றியிருக்கும். கருவாட்டுச் செதிள் ஒட்டியிருந்த சேவலின் கொண்டையில் கருப்பி போட்டது ஒரு போடு. மாடத்தி விளக்குமாற்றோடு ஓடிப்போய் மீட்பதற்குள் பாதிக் கொண்டை போய்விட்டது.

சேவலை மடியில் வைத்து மஞ்சளை அப்பிக்கொண்டே அழுதாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் மைனி. நூல் கட்டுனதை இனி மாத்தவும் முடியாது. அவுகளுக்கு ஒண்ணுன்னா நான்தான் காரணம்." முத்துக்கனி இன்னும் கொஞ்சம் மஞ்சள் குழைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மாடத்தி அவசரப்படவே இல்லை. காயம் ஆறும்வரை பஞ்சாரம். அப்புறம் ஒரு சாயங்காலம், கோழிகள் பூவரச மரத்தில் அடைந்து கண் சொருகுகிற நேரம் பார்த்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாய்த் தூக்கி அதே கிளையில் உட்காரவைத்தாள். விடிந்ததும் குருணையை ஒரே இடத்தில் கொட்டாமல் முற்றமெங்கும் சிதறினாள். கருப்பி குஞ்சுகளை ஒரு முறை முறைத்தது, குருணையைப் பார்த்தது, குனிந்து பொறுக்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அதன் பக்கத்திலேயே சிவப்புச் சேவல் மண்ணில் புரண்டுகொண்டு கிடந்தது. அதைப் பார்த்தாலே மாடத்திக்கு வயிறு நிறைந்துவிடும். "பாத்தியளா மைனி, சம்பந்தக்காரங்க மாதிரி கெடக்குதுவ!" என்று சிரித்தாள்.

அந்த வாரமே தோணி வந்தது. மந்திரமூர்த்தி கறுத்து மெலிந்து வீட்டுக்கு வந்தார். புயல்காற்றில் பாய்க்கயிறு சுற்றி, இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது. மாடத்தி அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "விரலு கெடக்கட்டும். ஆளு வந்து சேந்தீகளே, அது போதும்" என்றாள்.

கொடையன்று, நன்றாக வளர்ந்துவிட்ட சேவலைப் பூசாரியிடம் நீட்டினாள். அவர் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏளா, கொண்டையில பாதியைக் காணோமே. ஊனச் சேவலை மாடன் ஏத்துக்கிடுவாரா?"

மாடத்தி புருஷனின் இடது கையைப் பிடித்து மாடனுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"ஏ மாடா, நீயே பாரு. நீ எனக்கு இப்படித்தானே தந்த? நான் கொறை சொல்லாம வாங்கிக்கிட்டேம்லா? நீயும் வாங்கிக்கிடு."

பூசாரி சேவலை வாங்கிக்கொண்டார்.